சொர்ணாம்பாள் டீச்சரும் மூத்தார் வீட்டுப் பேட்டரியும்

சொர்ணாம்பாள் டீச்சருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் தருமபுரத்தில் அவள் புகுந்த வீட்டுக் கொட்டகையில் நின்ற ஒரு வெளிர்நீல பியட் காரின் பேட்டரி, அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை வருஷக்கணக்கில் தின்று தீர்த்தது.

அவள் பிறந்தது குரும்பகரத்தில். அப்பா வைத்தியலிங்கம் அரை வேலி நிலத்தில் நெல் போட்டு, மூத்த மகளை ஆசிரியர் பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தவர். காரைக்காலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு அவள் டீச்சர். கணக்கு ஒன்று தப்பினால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை வருகைப் பதிவேட்டில் மொத்தம் ஒன்று குறைந்திருந்ததை இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகுதான் கண்டுபிடித்தாள். அவர் பஸ் ஏறுவதற்குள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே ஓடி, திருத்தத்துக்கு இன்னொரு கையெழுத்து வாங்கிவந்தவள் அவள்.

புருஷன் திருஞானசம்பந்தம் சர்க்கார் ஆபீசில் எழுத்தர். நல்ல மனுஷன். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது "சரி". அந்தச் சரிக்குப் பிறகு அந்த வேலை எங்கே போகும், யார் செய்வார்கள் என்பது அவர் கவலை இல்லை. கல்யாணமான இரண்டாம் மாதமே சொர்ணாம்பாள் அதைத் தெரிந்துகொண்டாள்.

அவருக்கு ஒரே அண்ணன், நீலகண்டன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பிரெஞ்சு தேசத்துக்குப் போனவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பட்டாளத்தை விட்ட பிறகு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வருஷா வருஷம் ஆகஸ்டில் அவருக்கு வக்கான்ஸ் என்கிற வருஷ லீவு. ஜூலைக் கடைசியில் மனைவி வடிவாம்பாளோடு வந்து இறங்குவார், செப்டம்பர் பிறக்கும்போது திரும்பிப் போவார். வந்த இடத்தில் வாடகைக் காருக்கு அலைய முடியாது என்று 1979இல் அந்தப் பழைய பியட்டை வாங்கினார். திரும்பிப் போகும்போது தம்பி வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் கொடுத்தார்.

"வண்டியப் பாத்துக்கடா."

"சரிண்ணே."

திருஞானசம்பந்தம் அந்தச் சாவியைச் சாமி அலமாரியில் வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. ஐப்பசி அடைமழை பெய்தது, கார்த்திகையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து வடிந்தது, மார்கழிப் பனி கண்ணாடியில் இறங்கியது, கோடை வந்தது. வண்டியை யாரும் தொடவில்லை. அடுத்த ஜூலையில் நீலகண்டன் சாவியைத் திருப்பியபோது "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பேட்டரி உட்கார்ந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து தெருமுனை வரைக்கும் தள்ளியும் வண்டி கிளம்பவில்லை. நீலகண்டன் புதுப் பேட்டரி வாங்கினார். தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடிதம் போட்டார்.

நீல நிறத்து ஏர்மெயில் தாளில், பட்டாளத்து ஆர்டர் மாதிரி எண் போட்டு எழுதியிருந்தார். சொர்ணாம்பாள்தான் படித்துக்காட்டினாள். மழைக்கு முன்பே பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியை வெளியே எடுத்து, சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். மாதம் ஒரு தரம் சார்ஜ் செய்ய வேண்டும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். இதுவரைக்கும் சரி. ஆறாவது எண்ணுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"'குளிர் கடுமையான நாட்களில் பேட்டரியில் உள்ள நீர் உறைந்து ஓடு வெடித்துவிடக்கூடும். ஆகையால் கம்பளியால் போர்த்தி வைக்கவும்.' ஏங்க, உங்க அண்ணன் இந்த ஊர்லதான் பொறந்தாரா? மார்கழியில தேங்காயெண்ணெயே இங்க அரையும் குறையுமாத்தான் உறையுது."

"அந்த ஊர்ல பனி கொட்டும். அங்க வண்டியக் குளிர்காலத்துக்கு மூடி வெக்கிறப்ப அப்படித்தான் செய்வாங்களாம். அது ஞாபகத்துல எழுதிட்டாரு."

"சரி, மத்த அஞ்ச யாரு செய்யறது?"

"நான் பாத்துக்கறேன்."

அந்த ஆறில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் இருந்த கம்பளியை எடுத்துக்கொண்டுபோய் பேட்டரி மேல் போர்த்தினார். பேட்டரி வண்டிக்குள்ளேயே இருந்தது, வயரும் மாட்டியபடியே இருந்தது. தை மாதம் யாருக்கோ காய்ச்சல் என்று சொர்ணாம்பாள் கம்பளியைத் தேடிப் போனால், பானெட்டைத் திறந்த இடத்தில் அவள் அம்மா வீட்டுச் சீராகக் கொடுத்த கம்பளி ஆசிட் பட்டுச் சல்லடையாகிக் கிடந்தது. பேட்டரியில் வயர் மாட்டும் காது இரண்டிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூப் பூத்திருந்தது.

அவள் கம்பளியைக் கையில் தூக்கி அவர் முன்னால் விரித்துக் காட்டினாள். அந்த ஓட்டைகள் வழியாக அவர் முகம் தெரிந்தது.

"நாளைக்கே கடைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

நாளை போய், அடுத்த நாளையும் போனது. மாசியும் பிறந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாத நாளில், பக்கத்து வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பேட்டரியைக் கழற்றச் சொல்லி, அவளே கிளம்பினாள். பஸ்ஸில் ஏற்றப் பார்த்தாள். "ஆசிட்டெல்லாம் ஏத்த முடியாதும்மா, ஆளுங்க மேல சிந்திச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். சைக்கிள் ரிக்ஷா பிடித்து, கால்மாட்டில் பேட்டரியை வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அது சாயாமல் பிடித்துக்கொண்டு காரைக்காலுக்குப் போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அலாவுதீன் பேட்டரிக் கடை வைத்திருந்தார். நாற்பது வயதுக்காரர், கையெல்லாம் ஆசிட் பட்ட தழும்பு. லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி என்று இருபது பேட்டரிகளைப் பெஞ்சில் வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று வயரால் கோத்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"ஆம்பள வீட்ல இருக்காரு. இதுல தண்ணி இருக்கா, உயிர் இருக்கா, அதச் சொல்லுங்க."

அவர் மூடிகளைத் திறந்து பார்த்து உச்சுக் கொட்டினார். "ரெண்டு நாள் ஆகும்மா."

இரண்டு நாள் கழித்துப் போனால் கரண்ட் இல்லை என்றார். நாலாம் நாள் போனால் ஒரு லாரிக்காரன் அவசரமென்று வந்துவிட்டானாம், அவளுடையதைக் கழற்றி வைத்துவிட்டு அவனுடையதைக் கோத்திருந்தார். ஆறாம் நாள் கடையே பூட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து, வெயிலில் நின்று, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வீட்டில் திருஞானசம்பந்தம், "ரெடியாயிடுச்சாமா?" என்று கேட்டார். அவள் கால் கழுவப் போனாள். ரிக்ஷாவில் பேட்டரியோடு போன அன்று கட்டியிருந்த புடவையைத் துவைத்துக் காயப்போட்டு மடிக்கும்போது பார்த்தாள், கொசுவத்தில் வரிசையாக மிளகு மிளகாக ஓட்டை.

ஐந்தாம் தடவை போனபோது அவள் கடையை விட்டு நகரவில்லை. "சார்ஜ் ஏறிடுச்சுன்னு எப்படித் தெரியும்? எனக்குக் காட்டுங்க" என்றாள். அலாவுதீன் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு சின்ன மிதவை. பேட்டரிக்கு ஆறு அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு மூடி. ஒரு மூடியைத் திறந்து குழாயை விட்டு உறிஞ்சினார். மிதவை எழும்பி நின்றது.

"இந்தக் கோட்டுல என்ன நம்பர் இருக்குன்னு படிங்க டீச்சரம்மா. 1250 இருந்தா நல்லா ஏறியிருக்கு. 1200க்குக் கீழ போனா உடனே சார்ஜ் போடணும். 1100க்கு வந்துட்டா பேட்டரி செத்த மாதிரிதான்."

அவள் ஆறு அறையையும் தானே உறிஞ்சிப் பார்த்தாள். இத்தனை நாள் அலைக்கழித்த அந்தக் கறுப்புப் பெட்டி, முதல் தடவையாக மழுப்பாமல் ஓர் எண்ணைச் சொன்னது. அவளுக்கு அது போதும். அலாவுதீன் திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போகும்போது தனக்கும் அப்படி ஒரு மீட்டர் வாங்கிவரச் சொன்னாள். புருஷனை உட்கார வைத்து, அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள்: இனி வரும்போது வீட்டிலேயே சார்ஜ் போடுகிற கருவி ஒன்று கொண்டுவர வேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் அந்தச் சார்ஜர் வந்தது. பச்சைப் பெட்டி, முன்னால் கரண்ட் அளவு காட்ட ஒரு முள். கூடவே பிரெஞ்சில் எட்டுப் பக்கம். பிளக் நம் ஊர் ஓட்டையில் நுழையவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை வெட்டி வேறு போட்டாள். அதன் பிறகு முள் அசையவில்லை. காரணம் தெரிய மூன்று வாரம் ஆனது. சாயங்காலம் தெருவே விளக்குப் போடும் நேரத்தில் கரண்ட் வீட்டுக்கு வந்து சேரும்போது பாதி உயிரோடுதான் வந்தது. குண்டு பல்பு பழுத்த எலுமிச்சை மாதிரி எரியும்போது சார்ஜர் என்ன செய்யும்? பகல் இரண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் நல்ல கரண்ட் வரும். அந்த நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள். ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். ஞாயிறன்றுதான் லைனில் வேலை என்று கரண்டை நிறுத்துவார்கள்.

அப்படியும் அவள் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஓடினாள். மூடி ஆறையும் தளர்த்தி வைத்து, சன்னல் திறந்து, சாயங்காலம் வந்ததும் ஆசிட் கொதிக்கிறதா என்று பார்த்தாள். ஞாயிறுதோறும் காதில் பூத்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவினாள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஆறு அறையின் அளவு, கரண்ட் இருந்த நேரம் எல்லாம் எழுதினாள். அந்த மழைக்காலம் முழுக்க ஓர் அறையும் 1230க்குக் கீழே இறங்கவில்லை.

1982 ஆகஸ்டில் நீலகண்டன் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. காலைப் பலகாரத்துக்கு உறவுக்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா? பதினோரு மாசம் நின்ன வண்டி! எங்க சம்பந்தம் பாத்துக்கிட்டா அப்படித்தான். இவன் பட்டாளத்துக்கு வந்திருந்தா இந்நேரம் சார்ஜெண்டாக்கியிருப்பாங்க."

சொர்ணாம்பாள் சட்னிக் கிண்ணத்தோடு நின்றாள். புருஷன் வாயைத் திறப்பாரென்று ஒரு கணம் காத்தாள். அவர் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். பின்னாலேயே அவர் தண்ணீர் கேட்கிற சாக்கில் வந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொன்னா, பொம்பளைகிட்டயாடா இந்த வேலை வாங்கறேன்னு அண்ணன் என்னையத் திட்டும் சொர்ணம். நமக்குள்ள என்ன, நீ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன?"

"நீங்க செஞ்சா என்னன்னு எனக்குத் தெரியலயே. நீங்கதான் ஒருநாளும் செய்யலயே."

அன்று எல்லாரும் திருநள்ளாறு போனார்கள். காரில் இடம் இல்லை. சொர்ணாம்பாளும் திருஞானசம்பந்தமும் பஸ்ஸில் போனார்கள். அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. இறங்கும்வரை அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுவருஷம்தான் எல்லாம் வெடித்தது. அந்த மழைக்காலமும் பனிக்காலமும் அவள் பேட்டரியைப் பச்சைப் பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொண்டாள். மே மாத விடுமுறையில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இரண்டு வாரம் குரும்பகரம் போனாள். திரும்பி வந்த அன்றே கொட்டகைக்குள் போய் மூடியைத் திறந்தாள். ஆறு அறையிலும் தண்ணீர் விளிம்பு வரைக்கும் தளும்பியது. மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. மீட்டரை விட்டுப் பார்த்தாள். 1120. இன்னொன்று 1100. கடைசி அறையில் மிதவை எழும்பவே இல்லை.

"ஏங்க, இத யாரு தொட்டா?"

திருஞானசம்பந்தம் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஆபீஸ் மேனேஜர் தியாகராசன் கேட்டாராம். அவர் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு மைக்செட்காரனிடம் இருந்த பேட்டரி படுத்துவிட்டதாம். மூன்று நாளைக்குத்தானே என்று சரி சொன்னாராம்.

"தண்ணி யாரு ஊத்துனா?"

"குறைஞ்சிருந்துச்சுன்னு அந்தப் பயலுவோ ஊத்தியிருக்கானுவோ."

"என்ன தண்ணி?"

"அடிபம்புத் தண்ணின்னு நெனைக்கிறேன்."

கடலோரத்து ஊரின் அடிபம்புத் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர். அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கையிலிருந்த மீட்டரைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்தால் திரும்ப வாங்கத் திருச்சிக்குத்தான் ஆள் போக வேண்டும். அதனால் கழுவி உறையில் போட்டாள்.

அலாவுதீன் பார்த்துவிட்டு, "உப்பு உள்ள போயிடுச்சு டீச்சர். ஒரு அறை முழுசாப் போச்சு. மத்தது நின்னாலும் இது நிக்காது" என்றார். புதுசு வாங்கி வைத்துவிடுவோம் என்று அவள் புருஷனிடம் சொன்னாள். அவர் அதற்கும் சரி என்றார். ஜூலை முடிந்தது.

நீலகண்டன் வந்தார். வாசலில் பத்துப் பேர் நிற்க, சாவியைத் திருப்பினார். டொக். மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை.

"என்னடா ஆச்சு?"

"அது வந்துண்ணே..." என்று திருஞானசம்பந்தம் இழுத்தார். நீலகண்டன் கொட்டகைக்குள் பார்வையை ஓட்டினார். அலமாரியில் மீட்டர், டிஸ்டில்டு வாட்டர் பாட்டில், அதற்குப் பக்கத்தில் அவள் பழைய புடவையில் கிழித்த துடைப்புத் துணிகள். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவராகவே ஒன்றைப் புரிந்துகொண்டார்.

"ஓகோ, இத சொர்ணம் கையில குடுத்துட்டியா? ஏண்டா, இதென்ன ஊறுகாய் ஜாடியா? பொம்பளைங்க கைல குடுத்தா இப்படித்தான் ஆவும்."

"உங்க தம்பியைக் கேளுங்க மாமா, என்ன ஆச்சுன்னு" என்றாள் சொர்ணாம்பாள். குரல் அவளுக்கே புதுசாக இருந்தது.

எல்லாரும் திருஞானசம்பந்தத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"கரண்ட் சரியில்லண்ணே இந்த வருஷம்."

அவள் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து பானெட் மேல் வைத்தாள். மே இரண்டாம் தேதி வரைக்கும் ஆறு அறையும் 1240 என்று இருந்த பக்கத்தைத் திறந்து வைத்தாள். நீலகண்டன் இரண்டு பக்கம் புரட்டினார்.

"கணக்கெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே. எழுதினாப் போதுமா? வண்டி ஓட வேணாமா?"

நோட்டை அங்கேயே வைத்துவிட்டு, மெக்கானிக்கைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அன்றே புதுப் பேட்டரி வந்தது. செப்டம்பரில் அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் சொர்ணாம்பாள் மீட்டர், பாட்டில், சார்ஜர், வாசலின் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுப் புருஷன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இனிமே இது உங்க பாடு."

"சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன. கிடைத்தும் நிம்மதி இல்லை. மதியம் இரண்டு மணிக்கு ஃபேன் வேகம் பிடிக்கும்போதெல்லாம், இப்போது போட்டால் நன்றாக ஏறுமே என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதைக் கண்டு அவளுக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது. கார்த்திகையில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்த பிறகு திருஞானசம்பந்தம் கூடையை இழுத்தார். சிவப்பு வயரைக் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார். படீரென்று பொறி பறந்தது, சார்ஜர் புகைந்து செத்தது. மறுநாள் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனார். வழியில் அது சாய்ந்து, ஆபீஸ் பேண்ட் முழங்காலுக்குக் கீழே நாராகியது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் துண்டைக் கட்டிக்கொண்டு காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றார்.

அவள் சிரிக்கவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. ஆசிட்டுக்கு முறிவான ஆப்ப சோடா டப்பாவை எடுத்துவந்து கிணற்றுக் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதைக்கூட எதற்குச் செய்தோம் என்று அன்று முழுக்கத் தன்னையே கடிந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் நீலகண்டன் வரவில்லை. அங்கேயே மகனுக்குக் கல்யாணம். கார் தூசி படிந்து நின்றது. 1985 மாசியில் கடிதம் வந்தது: இனி வண்டி வேண்டாம், விற்றுவிடலாம். பேட்டரி நன்றாக இருந்தால்தான் நல்ல விலை வரும். தம்பி, வழக்கம்போல நீயே பார்த்துச் செய்.

திருஞானசம்பந்தம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் 'வழக்கம்போல' என்ற இடத்தில் நின்றார். தாளை அவளிடம் நீட்டினார்.

"நீதான் செய்யணும் சொர்ணம்."

"ஏன்?"

"எனக்குத் தெரியல. எப்படின்னு எனக்குத் தெரியல."

"இதச் சொல்ல உங்களுக்கு ஆறு வருஷமா?"

 அவள் கடிதத்தை மடித்தாள். "விக்கிறதுக்குன்னா செய்யறேன். இந்தக் கொட்டகை காலியாகுறதுக்காகச் செய்யறேன். வேற யாருக்காகவும் இல்ல."

அலாவுதீன் கடையில் பேட்டரியை இறக்கியதும், "எங்க டீச்சர், ரெண்டு வருஷமா ஆளையே காணோம்?" என்றார். மூடியைத் திறந்து உள்ளே வெளிச்சம் காட்டினார். தகடுகளில் வெள்ளை படிந்திருந்தது.

"தேறுமா பாய்?"

"சும்மாப் போட்டதுல கெட்டது டீச்சர் இது. மெதுவா ஏத்தணும். ஏத்தி, பல்ப போட்டு இறக்கி, மறுபடி ஏத்தணும். அவசரப்பட்டா தகடு உதிர்ந்துடும். பாதி தேறும், முழுசாத் தேறாது."

நாலு நாள் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு தினமும் போய் அவளே அளந்தாள். 1130 என்று தொடங்கியது, அஞ்சு அறை 1225க்கு வந்து நின்றது. ஆறாவது 1200ஐத் தாண்டவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். மெக்கானிக் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினான். மூன்றாவது திருப்பில் வண்டி கிளம்பியது.

நெடுங்காட்டிலிருந்து கோவிந்தராசு என்ற ரைஸ்மில்காரர் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பானெட்டைத் திறந்தார்.

"பேட்டரி எப்படி சார்?"

"பேட்டரியெல்லாம் என் வீட்டுக்காரிதான் பாத்துக்கிட்டா" என்றார் திருஞானசம்பந்தம். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கதவோரம் நின்ற சொர்ணாம்பாளுக்குக் காது குளிரவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சொல்லத்தான் இவருக்கு வாய் வந்ததா என்று இருந்தது.

கோவிந்தராசு அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "நல்லது நல்லது. கடைசியா எப்ப சார் சார்ஜ் போட்டீங்க?"

"ஒரு மாசம் இருக்கும்."

"எட்டு நாள்" என்றாள் சொர்ணாம்பாள்.

"டீச்சரம்மா வெவரமா இருக்காங்களே! சரி சார், தண்ணி கிண்ணி குடிக்குதா?"

திருஞானசம்பந்தம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இங்க பாருங்க. ரெண்டு வருஷம் சும்மாக் கெடந்த பேட்டரி. அஞ்சு அறை 1225 காட்டுது. இந்தக் கடைசி அறை 1200தான், அதுக்கு மேல ஏறாது. கோடைக்குத் தாங்கும். ஐப்பசி மழைக்குள்ள மாத்திடுங்க. அப்புறம் வழியில நின்னுதுன்னு எங்களச் சொல்லக் கூடாது."

திருஞானசம்பந்தம் முகம் வெளுத்தது. கோவிந்தராசு சிரிப்பை நிறுத்தினார். குனிந்து அந்தக் கடைசி அறையைப் பார்த்தார். பிறகு புதுப் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு கேட்டார். திருஞானசம்பந்தம் சரி என்றார். மறுநாள் வண்டி போயிற்று.

நீலகண்டனுக்கு விலை பிடிக்கவில்லை. பேட்டரி சரியில்லை என்று வாங்க வந்தவனிடம் சொன்னது யார் என்று கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்துக்குச் சொர்ணாம்பாள் தானே பதில் எழுதினாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் மூத்தாருக்கு அவள் எழுதிய முதல் கடிதம். நான்தான் சொன்னேன் என்று தொடங்கினாள். எந்த வருஷம் யார் பார்த்துக்கொண்டது, மைக்செட்டுக்கு யார் கொடுத்தது, என்ன தண்ணீர் ஊற்றினார்கள், எந்தத் தேதியில் எந்த அறை எவ்வளவு இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். இரண்டு தாள் பிடித்தது. ஒட்டுவதற்கு முன் புருஷனிடம் படிக்கக் கொடுத்தாள். அவர் முழுதும் படித்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தபால் பெட்டியில் போட அவரே எடுத்துக்கொண்டு போனார்.

பதில் வரவில்லை.

ஆகஸ்டில் நீலகண்டனும் வடிவாம்பாளும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். நீலகண்டன் மழை எப்படி, அரிசி எப்படி, பங்காளிகள் எப்படி என்று எல்லாம் விசாரித்தார். காரைப் பற்றி ஒரு பேச்சில்லை. காலியாகக் கிடந்த கொட்டகைப் பக்கம் அவர் திரும்பவும் இல்லை. சொர்ணாம்பாள் காப்பி கொடுத்தாள், வாங்கிக் குடித்தார்.

மத்தியானம் அடுப்படியில் வடிவாம்பாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போட்ட லெட்டர அவரு ரெண்டு தரம் படிச்சாரு."

"படிச்சிட்டு?"

"மடிச்சு டிராயர்ல வெச்சாரு."

"ஒண்ணும் சொல்லலையாக்கா?"

வடிவாம்பாள் யோசித்துப் பார்த்தாள். "இல்ல. ஒண்ணும் சொல்லல."

சொர்ணாம்பாள் சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. "சரி, எல ஓரமா இருக்கு பாருங்க, எடுத்துப் போடுங்க" என்றாள்.